குத்தகை முடிந்த கற்கள்

எங்கள் ஊரில் கல்லறைக்கும் குத்தகை உண்டு.
இருபது வருடம்.
புதுப்பிக்க ஆளில்லை என்றால்
கல்லைப் பெயர்த்து வடக்குச் சுவரோரம் சாய்த்துவைப்பேன்.
வருடக் கடைசியில் லாரி வரும்.
அரைத்து, சாலைக்குக் கொட்டுவார்கள்.
டென்மார்க்கில் நீங்கள் நடக்கும் சரளையில்
யாரோ ஒருவரின் பெயர் இருக்கலாம்.

அந்த ஏப்ரலில் பள்ளிகளைத் திறந்தார்கள்.
பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இரண்டு மீட்டர் என்றது உத்தரவு.
வகுப்பறைச் சுவர்கள் அதைக் கேட்டு நகரவில்லை.
ஊரில் காலியாகக் கிடந்த இடம்
என்னுடையது ஒன்றுதான்,
மேலே மட்டும்.

சோல்வை டீச்சர் முன்னே வந்தார்.
பின்னால் ஒரு நீளக் கயிறு,
இரண்டு மீட்டருக்கு ஒரு முடிச்சு,
முடிச்சுக்கு ஒரு பிள்ளை.
மூன்றாம் வகுப்பு. மழைச்சட்டைக்குள் பதினொரு பேர்.
இரவல் கூடாதென்று
ஒவ்வொரு கழுத்திலும் நூலில் ஒரு பென்சில்.

சாய்ந்த கற்களில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்கள்.
ரொட்டிக்காரர் லாவ்ரித்ஸின் கல்
எஸ்கிலுக்கு வாய்த்தது.
"இவங்களுக்கும் ரெண்டு மீட்டரா?" என்று
குழிகளைக் காட்டிக் கேட்டான்.
முப்பது வருடமாக வெட்டுகிறேன்,
யாரும் கேட்டதில்லை.
டேப்பை எடுத்துப் போய் அளந்தேன்.
ஒன்றேகால்.
"அப்ப இவங்க சட்டத்தை மீறுறாங்க"
என்று எழுதிக்கொண்டான்.

கழித்தலுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.
செத்த வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழி.
அறுபத்து நான்கு. எண்பத்தொன்று. முப்பது.
கடன் வாங்கி, பத்தைக் கூட்டி,
வாழ்க்கைகளைக் கத்திச் சொன்னார்கள்
குருவிகளுக்கு மேலாக.
ஹோதான் மட்டும் கையைத் தூக்கியபடியே இருந்தாள்.
எந்த லாரியிலும் ஏறாமல் தங்கிவிட்ட
முழங்கால் உயரக் கல் அவளுடையது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு போனால்,
"பூச்சியம் வருது டீச்சர். தப்பா?"

டீச்சர் குனிந்து கல்லைப் பார்த்தார்.
கிட்டே போகக் கூடாது, போகவில்லை.
"சரிதான்" என்றார்.
பிறகு வெகுநேரம்
வேறு கணக்கு கொடுக்க மறந்துபோனார்.

மே மாதம், ஒரு புதன்.
முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பெட்டி.
பத்துப் பேர் வரலாம் என்றது சட்டம்.
வந்தது மகள் ஒருத்தி, பாதிரியார்,
பெட்டியைத் தூக்கக் கூலிக்கு வந்தவர்கள்.
டீச்சர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.
மகள் கையசைத்தாள்:
இருக்கட்டும்.

பாதிரியாருக்குத் தொண்டை சரியில்லை.
பாட்டு இரண்டாம் அடியில் தடுக்கி நின்றது.
காலையில் பள்ளியில் பாடுகிற பாட்டுத்தான்.
சுவரோரமிருந்து ஒரு பிள்ளை எடுத்துக்கொடுத்தது,
அப்புறம் இன்னொன்று.
இடைவெளி விட்டு நின்றதால்
பாட்டும் இடைவெளி விட்டே வந்தது,
முன்னும் பின்னுமாக,
வரிசை மாறி,
கடைசி முடிச்சிலிருந்து கடைசியாக.
நடுவில் எஸ்கில்,
"எனக்கு ஒன்னுக்கு வருது" என்றான்.
மகள் சிரித்துவிட்டாள்.
முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது;
சிரிப்பென்றுதான் நினைக்கிறேன்.
நான் மண்வெட்டியோடு காத்திருந்தேன்.
அன்று மண் லேசாக இருந்ததாகச் சொன்னால் பொய்.
களிமண். எப்போதும் போல் கனத்தது.

ஆகஸ்டில் அவர்கள் கூரைக்குள் போனார்கள்.
புல் எழுந்து நின்றது.
சுவரோரம் சாக்கட்டிக் கோடுகளை
இரண்டு மழை கழுவியது.
லாவ்ரித்ஸின் முதுகை மட்டும் விட்டுவிட்டது.
கொட்டகைக் கூரை நீண்டு
அந்த ஒரு கல்லுக்குக் குடை பிடிக்கிறது.
அதில் இன்னும் இருக்கிறது,
சாய்ந்த கையெழுத்தில்:
ஏழு எட்டு ஐம்பத்து நான்கு.
துடைக்கத் துணியை நனைத்தேன்.
பிறகு அந்தத் துணியால்
என் பூட்ஸைத் துடைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் லாரி வந்தது.
ஓட்டுநர் வில்லாஸ் சீட்டைப் பார்த்துப் பார்த்து எண்ணினான்.
"கணக்குல ஒரு கல்லு குறையுதே" என்றான்.

கணக்கு தப்பாக இருக்கலாம்
என்றேன்.